வாசிப்பின் வாசி

தமிழில் ‘வாசி’ என்ற சொல் இரண்டு உண்டு. ஒன்று ஏவல்வினை: ஏட்டை வாசி, கடிதத்தை வாசி. மற்றொன்று பெயர்ச்சொல், வேறுபாடு என்றும், அந்த வேறுபாட்டால் வரும் மேன்மை என்றும் பொருள்படும். ‘அதற்கு இது எவ்வளவோ வாசி’ என்று சில வட்டாரங்களில் இன்றும் சொல்வார்கள். பழைய காசு வணிகத்தில் இச்சொல் இன்னும் கூர்மையானது. ஒரு காசைக் கொடுத்து மாற்றும்போது, அதன் தரக் குறைவுக்காகக் கடைக்காரர் கழித்துக்கொள்ளும் வட்டத்துக்கும் வாசி என்றே பெயர். திருவீழிமிழலையில் பஞ்சக் காலத்தில் நாவுக்கரசருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கிடைத்த கதை பலரும் அறிந்தது. சம்பந்தரின் காசுக்கு மட்டும் கடைத்தெருவில் வாசி பிடித்தார்கள்; அதனால் அவருடைய மடத்தில் சோறு நேரம் கழித்தே வெந்தது. இரண்டும் காசுதான். கோயில் பீடத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. கடைத்தெருவுக்குப் போனால்தான் தெரியும்.

இவ்விரு சொற்களும் வேரால் உறவில்லாதவை. ஒலியால் மட்டும் ஒன்றானவை. ஆயினும் முதியோர் கல்வியில் இரண்டும் ஒரே வினாவில் வந்து சேர்கின்றன. வளர்ந்த பிறகு எழுத்துக் கற்க வந்த ஒருவருடைய வாசிப்பில் உண்டான வாசி எவ்வளவு? அதை எதைக் கொண்டு, எப்போது, எப்படி அளப்பது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவை மெல்லப் பிரித்துப் பார்ப்போம்.

வாசி என்பது வேறுபாடு. வேறுபாட்டுக்கு இரண்டு புள்ளிகள் வேண்டும். நம்முடைய பெரும்பாலான எழுத்தறிவுக் கணக்குகளோ ஒரே புள்ளியில் நிற்பவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிதலோடு எழுதவும் படிக்கவும் வல்லவரா என்று கேட்கிறார்கள். ஆம் அல்லது இல்லை. அந்த விடையையும் பெரும்பாலும் அவர் சொல்வதில்லை. வீட்டில் அந்த நேரம் இருப்பவர் எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொல்கிறார். 2011-இல் இந்திய எழுத்தறிவு ஏறக்குறைய 73 விழுக்காடு என்றபோது அது நாடு நின்ற இடத்தைச் சொன்னது. தனி ஒருவர் நடந்த தொலைவு அதில் இல்லை, இருக்கவும் முடியாது.

தேர்வு வைத்தால் இக்குறை தீருமா? 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன கற்போருக்கு 150 மதிப்பெண்ணில் தேர்வு நடக்கிறது. வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு ஒவ்வொன்றுக்கும் 50. ஒவ்வொன்றிலும் 33 விழுக்காடு பெற்றால் சான்றிதழ். இதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். முப்பது ஆண்டாகப் பேருந்துப் பலகையும் ரேஷன் அட்டையும் ஒருவாறு பார்த்து வருபவர். அவர் எழுத்தறிவு மையத்துக்கு வருகிறார், தேர்வு எழுதுகிறார், வாசிப்பில் 30 மதிப்பெண் வாங்குகிறார். முதல் நாளே எழுதியிருந்தாலும் அதே 30 வாங்கியிருப்பார். இன்னொருவர் ‘ட’வும் ‘ப’வும் தெரியாமல் வந்தவர், ஆறு மாதத்தில் எழுத்துக்கூட்டிச் சிறு தொடர்களைப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார், வாசிப்பில் சில மதிப்பெண்ணில் தவறுகிறார். பதிவேட்டில் முதலாமவர் வெற்றி, இரண்டாமவர் தோல்வி. வாசியைக் கணக்கிட்டால் முதலாமவருடையது சுழியம். மையத்தின் உழைப்பு முழுவதும் இரண்டாமவரிடம்தான் இருக்கிறது. வாசலைக் கடந்தவர்களை எண்ணும் அளவுகோல், வாசலுக்கு மிக அருகில் பிறந்தவர்களையே விரும்பித் தேடும்படி மையங்களைப் பழக்கிவிடும். இது யாருடைய தீய எண்ணத்தாலும் நேர்வதன்று, அளவுகோலின் இயல்பு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்ததாகும். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றி, எர்ணாகுளம் 1990-இல் முழு எழுத்தறிவை அறிவித்து, புதுக்கோட்டையில் பெண்கள் மிதிவண்டியோடு அறிவொளி இயக்க வகுப்புகளுக்கு வந்த காலத்தில், பாடநூல் மூன்று பகுதிகளாக இருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் மூன்று தேர்வுகள், மொத்தம் ஒன்பது. நூலுக்குள்ளேயே அடுத்தடுத்துக் கட்டப்பட்ட அத்தேர்வுகள் கற்பவர் ஒருவரின் பாதையைப் புள்ளி புள்ளியாக வரைந்தன. அவை கற்பவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகவே எண்ணப்பட்டவை. மேலே போகப் போக, கடைசித் தேர்வில் தேறியவர் எத்தனை பேர் என்ற எண் மட்டும் மாவட்டத் தலைநகருக்குப் பயணம் செய்தது. பாதை கிராமத்திலேயே தங்கிவிட்டது.

ஆகவே தொடக்கத்திலும் ஒரு முறை அளக்க வேண்டும். இது சொல்வதற்கு எளிது. நாற்பத்தைந்து வயதில் முதன்முதலாகப் பெஞ்சில் அமரும் ஒருவரிடம் முதல் நாளே தாளை நீட்டினால், அவர் மறுநாள் வரமாட்டார். அல்லது தெரிந்ததையும் தெரியாது என்பார். அந்த அச்சம் ஆறு மாதத்தில் தானே தெளிந்துவிடும். அப்போது கிடைக்கும் உயர்வில் எவ்வளவு வாசிப்பு, எவ்வளவு கூச்சம் தெளிந்தது என்று பிரிக்க முடியாது. தாளும் அதற்கேற்றதாக இல்லை. பத்தியில் தொடங்கும் வினாத்தாள், நாற்பது எழுத்து கற்றவருக்கும் ஓர் எழுத்தும் கல்லாதவருக்கும் ஒரே சுழியத்தைத் தரும். தரைக்குக் கீழே நடக்கும் வளர்ச்சி அதன் கண்ணில் படாது. 2005 முதல் இந்தியக் கிராமங்களில் குழந்தைகளிடம் நடக்கும் ‘அசர்’ ஆய்வில் எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிக்கட்டாக அமைந்த ஒரே தாள் பயன்படுகிறது. தனியாக உட்கார வைத்து, எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்பார்கள். இம்முறை முதியவர்களுக்கு இன்னும் பொருந்தும் என்பது என் துணிபு. படி என்ற நம் சொல்லிலேயே வாசிப்பும், ஏறும் கட்டும், நெல் அளக்கும் பாத்திரமும் சேர்ந்து கிடக்கின்றன. அளவுகோல் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல குறிப்பு வேறு மொழியில் கிடைக்குமா தெரியவில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. நாற்பதைக் கடந்த கண்ணுக்கு அருகிலுள்ள எழுத்து மங்கும். அதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். கறுப்பாக அச்சிட்ட எழுத்து வெளுத்துத் தெரிகிறது என்று நோயையே எழுத்தைக் கொண்டு பெயரிட்டிருக்கிறார்கள். எழுத்தறியாதவருக்கு வெள்ளெழுத்து வந்திருப்பதை யாரும் கண்டுபிடிப்பதில்லை, அவரே அறிவதில்லை, ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவதோடு அது முடிந்துவிடுகிறது. அவர் மையத்துக்கு வருகிறார். பத்து எழுத்து படித்ததும் தலைவலி என்கிறார். ‘மூளைக்கு ஏறவில்லை’ என்று தம்மையே நொந்துகொள்கிறார். இடையில் கண் முகாம் நடந்து கண்ணாடி கிடைத்தால், அடுத்த தேர்வில் மதிப்பெண் தாவுகிறது. அந்த வாசி பாடநூலுடையதன்று, கண்ணாடியுடையது. இருமுறையும் கண்ணாடியோடு அளந்திருக்க வேண்டும். அல்லது இருமுறையும் பெரிய எழுத்துத் தாளால்.

அடுத்த அடுக்கு: அளக்கப்படும் பொருள் எது? 1986-இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்னும் இருவர் வாசிப்பை ஒரு பெருக்கலாக எழுதினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருகி வருவதே வாசித்துப் புரிதல் என்பது அவர்கள் வாய்பாடு. கூட்டலாக வைக்காமல் பெருக்கலாக வைத்ததில்தான் நுட்பம். இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து வளர்கின்றன. முதியவர் அப்படியல்லர். வழக்குப் பேசுவார், பழமொழி சொல்வார், தாலாட்டும் ஒப்பாரியும் கட்டுவார். மொழி அவரிடம் நிறைந்து கிடக்கிறது. எழுத்தை ஒலியாக்கும் பகுதி மட்டும் சுழியம். அது சிறிது உயர்ந்தாலும் பெருக்கத்தில் பெரிதாகப் பலன் தரும். ஆகவே முதியவரின் முதல் ஆறு மாத வாசி பெரும்பாலும் இந்த ஒரு பகுதியில்தான் நடக்கும். அதைத் தனியாக அளக்காமல் மொத்த மதிப்பெண்ணில் கலந்துவிட்டால் எது வளர்ந்தது என்று தெரியாமற் போகும்.

தமிழில் இந்தப் பகுதியும் சற்றுச் சிக்கலானது. 247 எழுத்து என்று மலைக்க வேண்டியதில்லை. உயிர்க்குறியைச் சேர்க்கும் முறை பிடிபட்டால் உயிர்மெய் 216-உம் தாமே விரியும். சிக்கல் வேறிடத்தில். ‘க’ என்னும் ஒரே எழுத்து கடலில் ஓர் ஒலி, தங்கத்தில் வேறொலி, அகலில் இன்னொன்று. இவை இடத்தைப் பொறுத்து ஒழுங்காக மாறுவதால் தமிழ் பேசுபவரின் நா தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் ‘பஸ்’ என்பதற்கும் ‘பக்கம்’ என்பதற்கும் முதலெழுத்து ஒன்று, ஒலி வேறு. ‘காந்தி’யையும் ‘காக்கை’யையும் எழுத்தைப் பார்த்து மட்டும் பிரிக்க இயலாது, சொல் எது என்று தெரிந்தால்தான் ஒலி சரியாக வரும். அதாவது தமிழில் எழுத்தை ஒலியாக்குவதற்குள்ளேயே சொல்லறிவு புகுந்திருக்கிறது. பிற மொழித் தேர்வுகளைப் பார்த்து, பொருளில்லாத எழுத்துக் கோவைகளைத் தமிழில் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி விரைவு. தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த தகுதி அளவில் வாய்விட்டு வாசிக்க நிமிடத்துக்கு 30 சொல், மௌனமாக வாசிக்க 35 சொல், பார்த்தெழுத 7 சொல், சொல்லக் கேட்டு எழுத 5 சொல் என்று இருந்தன. விரைவு ஏன் வேண்டும்? முதியவர் மெல்லப் படித்தால் என்ன, புரிந்தால் போதாதா என்பார்கள். மெல்லப் படித்தால் புரியாது என்பதுதான் இங்கே இடர். 1959-இல் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் என்னும் உளவியலாளர்கள் மூன்றே மெய்யெழுத்துகளைச் சொல்லி, மனத்துக்குள் திரும்பச் சொல்லிக்கொள்ள விடாமல் எண்களைப் பின்னோக்கி எண்ண வைத்தார்கள். 18 விநாடி கழிவதற்குள் நினைவு ஏறக்குறைய முழுவதும் அழிந்திருந்தது. இப்போது ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: நாளை காலை பத்து மணிக்கு ரேஷன் கடையில் துவரம்பருப்பு வழங்கப்படும். எட்டுச் சொற்கள். நிமிடத்துக்கு 60 சொல் படிப்பவர் 8 விநாடியில் முடிப்பார்; 20 சொல் படிப்பவருக்கு 24 விநாடி ஆகும். மனம் முழுவதும் எழுத்துக்கூட்டுவதில் இருக்கையில், ‘துவரம்பருப்பு’க்கு வரும்போது ‘நாளை’ நழுவியிருக்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. மறுப்பும் அங்கேதான் ஒட்டுகிறது. வழங்கப்படுமா, வழங்கப்படமாட்டாதா என்பதைக் கடைசிச் சொல்லே தீர்க்கிறது. தொடரின் தலையை மனத்தில் பிடித்தபடியே வாலுக்கு வந்து சேர வேண்டிய மொழியில், விரைவு என்பது புரிதலுக்கு வாசற்படி.

விரைவை அளக்கும் அலகு சொல்லா என்பது அடுத்த ஐயம். ‘வரவேண்டியிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது ஒரு சொல், 18 எழுத்து. ‘பால்’ என்பதும் ஒரு சொல், 2 எழுத்து. முதலாவதை அச்சுக்கோப்பவர் ‘வர வேண்டி இருந்தவர்களுக்கு எல்லாம்’ என்று பிரித்துவிட்டால் நான்கு சொல்லாகிவிடும். கற்பவரின் விரைவும் அதே நிமிடத்தில் நான்கு மடங்காகிவிடும்! இடைவெளி விட்டதற்கு அச்சகத்தாருக்குத்தான் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்னும் அளவு, சிறு சொல் மிகுந்த மொழிகளில் பிறந்தது. ஒட்டி ஒட்டி நீளும் தமிழுக்கு எழுத்தெண்ணிக்கையே நேர்மையான அலகு. எழுத்தைக் காலத்தால் அளப்பது நமக்குப் புதிதுமன்று. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று மாத்திரை வகுத்து, அந்த மாத்திரையைக் கண் இமைப்பதைக் கொண்டும் விரல் நொடிப்பதைக் கொண்டும் விளக்கினார் தொல்காப்பியர். நிறுத்துக்கடிகாரம் வருவதற்கு முன்பே எழுத்துக்குக் கடிகாரம் இருந்தது.

ஆனாலும் விரைவு ஏமாற்றும். வாசித்தலுக்கு நம்மிடம் இருக்கும் பழஞ்சொல் ஓதல். அது வாயையும் செவியையும் சார்ந்தது. ஓதுபவர் ஏட்டைப் பார்த்தும் ஓதலாம், பாராமலும் ஓதலாம். எழுத்தில்லாமல் வாழ்ந்தவர் நினைவையே நம்பிப் பழகியவர். ஏழாம் பாடத்தைத் தன்னார்வலர் நாலு முறை படித்துக் காட்டினால் ஐந்தாம் முறை கற்பவர் தடங்கலின்றி ஒப்பிப்பார். விரல் வரியின்மேல் நகரும். கண் வேறெங்கோ இருக்கும். கையெழுத்தும் இத்தகையதே. பெயரை ஓவியம்போல வரையப் பழகியவருக்கு அப்பெயரின் நடு எழுத்தைத் தனியே காட்டினால் தெரியாது. கைநாட்டு நீங்கியது அவருடைய மானத்துக்குப் பெரிய வாசி. வாசிப்புக்கு இன்னும் இல்லை. எனவே அளக்கும் பகுதி அவர் முன்பு பாராததாக இருக்க வேண்டும். கடினத்தில் மட்டும் முந்தையதற்கு நிகராக இருக்க வேண்டும்.

புரிதலைச் சோதிக்கும் வினாவிலும் இதே பொறி உண்டு. காய்ச்சலைப் பற்றி ஒரு பத்தி. கீழே ‘காய்ச்சல் வந்தால் எங்கே செல்ல வேண்டும்?’ என்று வினா. நான்கு பிள்ளை வளர்த்தவருக்கு அந்தப் பத்தி தேவையே இல்லை. முதியவரின் உலகறிவைச் சோதித்துவிட்டு அதை வாசிப்பு என்று பதிந்துகொள்கிறோம். பத்தியில் வரும் பெண் எந்தக் கிழமை மருத்துவமனைக்குப் போனாள், எத்தனை மாத்திரை வாங்கினாள் என்று கேட்டால், படித்தவர் மட்டுமே சொல்ல முடியும். வினாத்தாள் செய்பவர் முதலில் பத்தியை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம். விடை வந்துவிட்டால் அவ்வினாவை எறிந்துவிடலாம்.

பிழை என்று குறிப்பதிலும் பொறுமை வேண்டும். தாளில் ‘வருகிறார்கள்’ என்றிருக்கிறது. கற்பவர் ‘வர்றாங்க’ என்று படிக்கிறார். ‘வருகிறாள்கள்’ என்று இன்னொருவர் எழுத்துக்கூட்டுகிறார். இருவருக்கும் ஒரு பிழை என்று போட்டுவிடுவது வழக்கம். முதலாமவர் எழுத்தைக் கடந்து பொருளைத் தொட்டு, அதைத் தம் பேச்சில் திருப்பித் தந்தவர்; இரண்டாமவர் எழுத்தின் பக்கத்திலேயே நிற்பவர். அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் 1960-களில் இத்தகைய வழுவல்களைப் பிழை என்னாமல், வாசிப்பவரின் மனத்துக்குள் பார்க்கும் சாளரம் என்று கொண்டார். அவர் கொள்கை முழுவதையும் ஏற்காதவர்கள் பலர்; நானும் ஏற்பதில்லை. ஆனால் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இவ்வளவு விலகி நிற்கும் தமிழுக்கு இந்த ஒரு கருத்து மிகத் தேவை. ‘வர்றாங்க’ என்பதைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள். அந்நிறம் மிகுந்து, பிறகு மெல்லக் குறையுமானால், அதுவும் ஒரு வாசியே: பேச்சுத்தமிழின் கைபிடித்து எழுத்துத்தமிழுக்குள் வருகிறார் என்று பொருள்.

அளந்து கிடைத்த உயர்வு வகுப்பினால்தான் வந்ததா? இது தனி வினா. மகள் பள்ளிக்குப் போகிறாள், கைப்பேசி வந்துவிட்டது, மகளிர் குழுவில் பதிவேடு எழுதுகிறார்கள். வகுப்புக்கு வராத அண்டை வீட்டாரும் சிறிது கற்றிருக்கலாம். அவர்களையும் அளந்தால்தான் கழித்துப் பார்க்க முடியும். ராஜஸ்தான், பிகார் கிராமங்களில் தாய்மார்களின் வகுப்புகளை இப்படி ஒப்பிட்டு ருக்மிணி பானர்ஜி, ஜேம்ஸ் பெரி, மார்க் ஷாட்லண்ட் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பின் பயன் சிறியது, ஆனால் மெய்யானது என்று தெரிந்தது. முழு எழுத்தறிவு விழாக்களின் பேரொலிக்குப் பழகிய காதுக்குச் ‘சிறியது’ என்ற சொல் கசக்கும். எனக்கு அதில் ஒரு நிறைவே உண்டு: கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகும் எஞ்சியது அது.

எஞ்சியது எத்தனை நாள் நிற்கும்? நைஜர் நாட்டில் ஜென்னி ஏக்கரும் உடன் ஆய்வாளர்களும் 113 ஊர்களில் முதியோர் வகுப்பை ஆராய்ந்தனர். 2012-இல் ஆய்வு வெளிவந்தது. ஔசா, ஸர்மா மொழிகளில் ஆண்டுக்கு ஐந்து மாதம் வகுப்பு. விதைப்பும் அறுவடையுமாக எஞ்சிய ஏழு மாதம் விடுப்பு. வகுப்பு முடிந்ததும் அளந்தார்கள். இடைவெளி கழிந்த பின்னும் அளந்தார்கள். எல்லாரிடமும் கற்றது தேய்ந்திருந்தது. ஆனால் சில ஊர்களில் வகுப்போடு எளிய கைப்பேசியைப் பயன்படுத்தவும் கற்றுத் தந்திருந்தார்கள். அவ்வூரார் விடுப்புக்குப் பின்னும் மற்றவர்களைவிட முன்னே நின்றார்கள். குறுஞ்செய்தி அனுப்புவதற்கு ஆசிரியர் தேவையில்லை, வகுப்பறையும் தேவையில்லை. தேர்வு நாளன்று மட்டும் அளந்திருந்தால் தேய்மானமும் தெரிந்திராது, தேயாமல் காத்தது எது என்பதும் தெரிந்திராது. நம் ஊர்களில் நடவும் அறுப்பும் முடிந்த பின் ஒருமுறை மையத்துக்குத் திரும்பி அளப்பவர் அரிது. திட்டத்தின் நிதியாண்டு அதற்குள் முடிந்திருக்கும்.

இப்படி மூன்று முறை அளக்க நான் பரிந்துரைப்பது வகுப்பறையை அன்று. ரேஷன் கடை வாசலில் தொங்கும் இருப்புப் பலகையை. அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில், இருப்பு, விலை என்று சொற்கள் மாதந்தோறும் அவையே; எண்களும் அறிவிப்பு வரியும் மட்டும் மாறும். கடினம் மாறாது, மனப்பாடமும் செல்லாது. இத்தனை நிகரான இரண்டு வினாத்தாள்களை எந்த வல்லுநர் குழுவும் எளிதில் செய்துவிட முடியாது. சுண்ணக்கட்டியால் யாரோ அவசரமாக எழுதிய கையெழுத்து என்பதும் நல்லதே. சேர்ந்த மாதம் ஒருமுறை, வகுப்பு முடிந்ததும் ஒருமுறை, அறுப்பு கழிந்து ஒருமுறை அவரோடு அங்கே போய் நிற்கலாம். எத்தனை எழுத்தை எத்தனை விநாடியில் படித்தார், எங்கே ‘வர்றாங்க’ ஆக்கினார், எதை வாங்காமல் திரும்ப வேண்டும் என்று சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். கையில் ஒரு கடிகாரமும் இரண்டு நிறப் பென்சிலும் போதும். கண்ணாடியை எடுத்து வந்தாரா என்று மட்டும் புறப்படும்போதே கேட்டுவிட வேண்டும்.